ஓலைப்பட்டை கட்டுவது எப்படி? பிலாவிலைக் கும்பிளும் சிரட்டைக் கிண்ணமும் கூடவே

நான் குமரி மாவட்டத்து இரணியல் பக்கத்துக்காரி. மாசியில் மண்டைக்காட்டுக் கொடை தொடங்கிவிட்டால் வழிநெடுக மோர்ப்பந்தல் போடுவார்கள். அதை ஒட்டியே அக்கானி (பதநீர்) சீசனும் வந்துவிடும். அப்புறம் பங்குனி, சித்திரை என்று ஊர்க்கொடைகள், ஆலய அசனம் என்கிற பொதுவிருந்து, கல்யாண வீடுகள். இந்த இடங்களில் எல்லாம் குடிக்க ஊற்றிக் கொடுக்க, பனையோலையை மடித்து ஓலைப்பட்டை கட்டித் தருவது என் வேலை. படிக்க வருகிறவர்களிடம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் கையெட்டும் தூரத்தில் கிடைக்கிற பொருள்களை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். பெரும்பாலும் பனையோலை, அப்புறம் பிலாவிலை (பலா இலை), சிரட்டை (தேங்காய் ஓடு). மூங்கிலும் பாக்குமட்டையும் கொஞ்சம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓலைப்பட்டை அன்றைக்குக் கட்டி அன்றைக்குக் குடிக்கிற பொருள். அதை அட்டைப்பெட்டியில் ஆறு மாதம் அடுக்கி வைக்க ஆசைப்பட்டால் மெழுகு பூச வேண்டி வரும், பசை ஒட்ட வேண்டி வரும். எந்தப் பேப்பர் கப்பை வேண்டாம் என்று ஒதுக்கினோமோ கடைசியில் அதிலேயே போய் நிற்போம். நான் சொல்லும் முறை எல்லாம் பச்சை ஓலைக்கு, பச்சை இலைக்கு. வைத்துப் புழங்க வேண்டும் என்றால் அதற்குச் சிரட்டை இருக்கிறது.

பேப்பர் கப்பில் என்ன குறை என்று இன்னமும் கேட்கிறார்கள். வெறும் காகிதத்தில் சாயா நிற்காது. உள்பக்கம் மெல்லிசாகப் பாலிஎத்திலீன் பூசியிருப்பதால்தான் நிற்கிறது. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் இந்தக் கப்பில் 85 முதல் 90 டிகிரி சூட்டில் தண்ணீரை ஊற்றி 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். 100 மில்லி தண்ணீரில் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் இறங்கியிருந்தன. 2020-ல் வெளிவந்த ஆய்வு இது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. ஆனாலும் கொடை முடிந்த மறுநாள் ஓடையை அடைத்துக்கொண்டு கிடப்பது அதுதான். பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பக்கத்து விளையில் பனை நிற்கும்போது எதற்கு இது?

ஓலை பார்த்து எடுப்பது

பாதி வேலை ஓலை எடுப்பதிலேயே முடிந்துவிடும். குருத்தோலை வேண்டாம். வெளிறிய மஞ்சளாக, பார்க்க அழகாக, மடிக்க மெத்தென்று இருக்கும். ஆனால் தண்ணீர் கனம் தாங்காமல் கிழியும். குருத்தை வெட்டினால் மரத்துக்கும் நோவு. அடியில் தொங்குகிற முற்றிய ஓலையும் வேண்டாம். கரும்பச்சையாக விறைத்துப்போயிருக்கும், மடித்த இடத்தில் வெடிக்கும். காவோலை அடுப்புக்குத்தான் ஆகும். குருத்துக்கு அடுத்து விரிந்து நிற்கிற இரண்டாவது மூன்றாவது ஓலைதான் பட்டைக்கு ஏற்றது. இளம்பச்சையாக இருக்கும். ஓர் இணுக்கை, அதாவது ஓலையின் ஒரு கீற்றை, விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிக்காமல் சுற்றி வந்து, விட்டதும் மெதுவாக நிமிர்ந்தால் சரியான பருவம்.

வெட்டி இறக்கிய உடனே கட்ட உட்காராதீர்கள். நிழலில் சாய்த்துப் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் விட்டால் ஓலை தளரும். வெயிலில் போட்டால் ஓரம் சுருண்டு பாழாகும். தளர்ந்த பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். மடிப்பின் பள்ளங்களில் எறும்பும் சிலந்தியும் இருக்கும், தூசி படிந்து கறுத்திருக்கும். மேலாகத் துடைத்தால் போகாது. ஒவ்வொரு பள்ளத்திலும் துணி சுற்றிய விரலை ஓட்ட வேண்டும். குடிக்கிற பாத்திரம், அதனால் இதில் சோம்பல் பார்க்கக்கூடாது. மட்டையைப் பிடிக்கும்போது ஓரத்தில் அரம் போல இருக்கும் கருக்கைப் பார்த்துப் பிடியுங்கள். புதிதாக வருகிறவர்கள் கையைக் கிழித்துக்கொள்வது கட்டும்போது அல்ல, ஓலையைத் தூக்கும்போதுதான்.

கட்டுவது

ஓலையைத் தரையில் விரித்துப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக மடிப்பு இருக்கும். ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் ஓர் ஈர்க்கு ஓடும். நுனிப் பக்கம் மேட்டின் வழியாக இணுக்கு இணுக்காகப் பிரிந்திருக்கும். மட்டைப் பக்கம் பிரியாமல் ஒரே பாளமாக இருக்கும். தண்ணீர் நிற்பது இந்தப் பிரியாத பாகத்தில்தான். பசையும் தையலும் இல்லாமல் ஓலைப்பட்டை ஒழுகாமல் இருப்பதன் காரணம் இவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு மற்றது கைப்பழக்கம்.

வெட்டுகத்தியால் ஓலையை மட்டையிலிருந்து பிரித்துவிடுங்கள். அப்புறம் பிச்சாத்தி என்கிற சின்னக் கத்தியால் ஏழெட்டு மடிப்புக்கு ஒரு துண்டாக நறுக்குங்கள். நறுக்குவது மேட்டின் வழியாகப் போக வேண்டும். ஈர்க்கின் மேல் கத்தி ஓடினால் ஈர்க்கு பிளந்து அந்த ஓரம் நிற்காது. ஏழெட்டு மடிப்புள்ள துண்டில் 300 மில்லி தாராளமாகப் பிடிக்கும், அது அக்கானிக்கு. மோருக்கும் பானக்காரத்துக்கும் ஐந்து மடிப்பு போதும். ஒரு பெரிய ஓலையின் நடுப்பாகத்தில் நல்ல பட்டைகள் வரும். இரண்டு ஓரங்களிலும் இணுக்கு ஆழமாகப் பிரிந்திருக்கும் என்பதால் அந்தத் துண்டுகளைக் கட்டுநாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டுநார் என்பது வேறொன்றும் இல்லை. ஓர் இணுக்கில் ஈர்க்கை உரித்து நீக்கிவிட்டு, மீதி ஓலையைச் சுண்டுவிரல் பாதி அகலத்துக்குக் கிழித்து, தண்ணீரில் போட்டு வைப்பதுதான். பட்டையில் இருக்கும் ஈர்க்கை மட்டும் தொடாதீர்கள். பட்டையின் எலும்பு அது.

பளபளப்பான மேல்பக்கம் உள்ளே வரும்படி துண்டைக் கையில் ஏந்துங்கள். நடுவில் இரண்டு பெருவிரலையும் வைத்து மடிப்புகளை மெதுவாக அகட்டுங்கள். முழுக்கத் தட்டையாக விரித்துவிடக்கூடாது. கொஞ்சம் மடிப்பு மிச்சம் இருந்தால்தான் வளைவு நிற்கும். இப்போது நடு குழிந்து வரும்.

நுனிப் பக்கத்தில் பிரிவு தொடங்கும் இடத்திலிருந்து ஒரு சாண் விட்டு மீதியை வெட்டி எறியுங்கள். விட்டதைச் சேலைக் கொசுவம் அடுக்குவது போல் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவித்து, மேலே தூக்குங்கள். எவ்வளவு தூக்குவது? பிரிவு தொடங்கும் புள்ளி, பட்டையின் பக்க விளிம்பைவிட இரண்டு விரல் மேலே வர வேண்டும். அங்கே இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாரை இரண்டு சுற்று சுற்றி, நுனியைச் சுற்றுக்கு அடியில் செருகி இழுங்கள். ஈர நார் காயும்போது தானே இறுகும். மட்டைப் பக்கத்து முனை முதலிலேயே குவிந்துதான் இருக்கும். அதையும் அதே அளவு தூக்கிக் கட்டிவிட்டால் இரண்டு முனையும் நிமிர்ந்து நடு குழிந்த பட்டை கையில் இருக்கும்.

இனி பக்க விளிம்பு. நறுக்கிய ஓலை விளிம்பு கத்தி போலக் கூர்மையாகவும் சின்னச் சின்ன முள்ளோடும் இருக்கும். அப்படியே கொடுத்தால் குழந்தைகளின் உதட்டைக் கீறிவிடும். கடைசி மடிப்பின் பாதியை ஈர்க்கோடு சேர்த்து வெளிப்பக்கமாக மடித்து, நகத்தால் ஓட்டி அழுத்துங்கள். இப்போது உதட்டில் படுவது ஈர்க்கின் வழவழப்பு. கடைகளில் அவசரத்துக்குக் கட்டுகிற பட்டைகளில் இதைச் செய்வதில்லை. நான் செய்யாமல் ஒரு பட்டையும் கொடுப்பதில்லை. இந்த மடிப்பு ஒன்றுதான் ஒரு தடவை குடித்தவரை இன்னொரு தடவை பட்டையிலேயே கேட்க வைக்கிறது.

தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். முனையில் சொட்டினால் பிரிவு கீழே இறங்கியிருக்கிறது, அவிழ்த்து இன்னும் ஒரு விரல் தூக்கிக் கட்டுங்கள். அடியில் கசிந்தால் ஓலையில் எங்கோ வெடிப்பு, அது ஆகாது. விளிம்பு வழியாக வழிந்தால் மடிப்பை அளவுக்கு மேல் அகட்டியிருக்கிறீர்கள்.

குடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்து, பக்கவாட்டில் உதட்டை வைத்துக் குடிக்க வேண்டும். முனை வழியாகக் குடிக்கப் பார்த்தால் சட்டையெல்லாம் அக்கானி.

கட்டிய பட்டைகளை நனைத்துப் பிழிந்த சாக்குக்குள் வைத்து நிழலில் போடுங்கள். காலையில் கட்டினால் ராத்திரி வரைக்கும் கட்டினபடி இருக்கும், மறுநாளும் பரவாயில்லை. அதற்கப்புறம் ஓலை காய்ந்து சுருங்கி, கட்டு தளர்ந்து, விரிசல் விடும். பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். இங்கே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வருடத்தில் பாதி நாள் காற்றில் ஈரம் நிற்கிற ஊரில் பூசணம் வருவதற்கு நேரமே வேண்டாம். நிறையப் பட்டை வேண்டும் என்றால் முந்தின நாள் ஓலையை நறுக்கித் துடைத்து ஈரச்சாக்கில் வைத்துவிட்டு, அன்றைக்கு விடியற்காலை நாலைந்து பேர் உட்கார்ந்து கட்டுங்கள். கை பழகினால் பேச்சோடு பேச்சாகக் கட்டிவிடலாம்.

சூடாக எதையும் பட்டையில் ஊற்றாதீர்கள். ஓலை துவண்டுவிடும், பச்சை வாடையும் இறங்கும். அதே பச்சை வாடை குளிர்ந்த அக்கானிக்கு எவ்வளவு பொருத்தம் என்று குடித்தவர்களுக்குத் தெரியும். நுங்கைப் பிய்த்துப் போட்டுக் கொடுத்தால் சொல்லவே வேண்டாம்.

பிலாவிலைக் கும்பிள்

பாயசமோ பிரசாதமோ ஒரு வாய் இரண்டு வாய் கொடுக்கும் இடத்தில் பிலாவிலை போதும். கஞ்சி கோரிக் குடிக்க நம் வீடுகளில் மடித்துக் கொடுத்த அதே இலைதான். பழுத்து விழுந்தது வேண்டாம், தளிரும் வேண்டாம். கைக்குத் தடிப்பாகத் தெரிகிற முற்றிய பச்சை இலையாகப் பறியுங்கள். காம்பில் பால் வடியும். காம்பைக் கிள்ளிவிட்டு இலைகளைத் தண்ணீரில் போட்டு வைத்து, பால் நின்ற பிறகு கழுவித் துடையுங்கள். அந்தக் கறை பட்டால் துணியிலிருந்து போகாது.

பளபளப்புப் பக்கம் உள்ளே இருக்க, காம்புப் பக்கத்தின் இரண்டு ஓரங்களையும் ஒன்றின்மேல் ஒன்று நன்றாக ஏறும்படி சுருட்டி, ஒரு துண்டு தென்னை ஈர்க்கால் குத்துங்கள். குத்தும் இடம் மேலே இருக்க வேண்டும், கும்பிளின் அடியில் அல்ல. ஈர்க்கின் இரண்டு நுனியும் இலைக்கு வெளியே அரை விரலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நறுக்கிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது கூட நின்று குடிக்கவைத்து வாங்கிக்கொள்வது நல்லது. ஸ்டேப்ளர் பின் அடிக்கவே கூடாது. அது வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும், மாட்டின் வயிறாக இருந்தாலும்.

சூட்டுக்குச் சிரட்டை

சாயா, சுக்குவெள்ளம், கருப்பட்டிக் காப்பி இதற்கெல்லாம் சிரட்டைதான். முற்றின தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள், இளசின் ஓடு மெலிந்திருக்கும். நடுவில் சுற்றிவர பென்சிலால் கோடு போட்டு, ரம்பத் துண்டால் லேசாகக் கீறிவிட்டு, வெட்டுகத்தியின் பின்பக்கத்தால் காயைச் சுழற்றிச் சுழற்றித் தட்டினால் விளிம்பு ஒழுங்காக உடையும். கண் இருக்கும் பாதியைக் கரண்டிக்கோ அடுப்புக்கோ வைத்துக்கொண்டு, கண் இல்லாத பாதியைக் கிண்ணத்துக்கு எடுங்கள். தேங்காயைத் துருவின பிறகு உள்ளே ஒட்டியிருக்கும் பருப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் சிக்கு நாற்றம் வரும். வெளியே நாரைச் சுரண்டி, முதலில் கரடான உப்புத்தாள், அப்புறம் நைசான உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். விளிம்பை மட்டும் விரலுக்கு வழுக்கும் வரை தேய்க்க வேண்டும்.

பிறகு தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். முதல் தண்ணீர் சாயா நிறத்தில் இறங்கும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் தெளியும் வரை செய்து, வெயிலில் காயவைத்து, வெளிப்பக்கம் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டால் முடிந்தது. வார்னிஷ் அடிக்கக் கூடாது. அடி உருளாமல் நிற்கக் கயிற்றுப் பிரியை வளையமாகச் சுற்றி அதன்மேல் வைத்துக் கொடுக்கலாம். கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தால் வருடக்கணக்கில் வரும்.

சிரட்டையைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். கடையில் ஒரு சாராருக்குக் கண்ணாடிக் கிளாசும் இன்னொரு சாராருக்குச் சிரட்டையுமாகக் கொடுத்த காலம் நம் நாட்டில் இருந்தது. அந்த வலி இன்னும் ஆறாதவர்கள் நம் பந்தலுக்கும் வருவார்கள். அதனால் விசேஷத்துக்குச் சிரட்டை வைப்பதென்றால் பந்தலில் எல்லாருக்கும் சிரட்டையே வையுங்கள், மேடையில் உட்காருகிறவர்களுக்கும். பாதிப் பேருக்கு எவர்சில்வர், பாதிப் பேருக்குச் சிரட்டை என்று ஒருக்காலும் செய்யாதீர்கள். ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் நான் இதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் முன்பணம் வாங்குகிறேன்.

பாக்குமட்டையும் மூங்கிலும்

பாக்குமட்டையை ஊறவைத்து, சூடான அச்சில் அழுத்தித் தட்டு செய்கிறார்கள். கப் ஆழத்துக்கு அழுத்தினால் மட்டை இழுபடாமல் வெடிக்கும். அதனால்தான் கடையில் கிடைப்பதெல்லாம் ஆழம் குறைந்த கிண்ணம். பழைய திருவிதாங்கூர்க்காரர்கள் கமுகு மட்டையின் இரண்டு தலையையும் மடித்துக் குத்தித் தண்ணீர் இறைக்கத் தொட்டி செய்தார்கள். அதே முறையில் சின்னதாகக் கப்பும் மடிக்கலாம். ஆனால் குடிப்பதற்கு நான் இதைக் கொடுப்பதை விட்டுவிட்டேன். பாக்கில் இருக்கும் ஆல்கலாய்டு என்கிற வேதிப்பொருள்கள் மட்டையிலிருந்து உணவில் இறங்கலாம் என்று சொல்லி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025-ல் பாக்குமட்டைத் தட்டுகளை உணவுக்கு ஏற்கவில்லை. சூடான திரவம் ஊற்றுவதற்குப் பக்கத்திலேயே சிரட்டை இருக்கும்போது இதில் எதற்கு வம்பு? முறுக்கு, கடலை வைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மூங்கில் கணு அடியில் வரும்படி அறுத்து, விளிம்பைத் தேய்த்து, உப்புத் தண்ணீரில் வேகவைத்து நிழலில் உலர்த்தினால் நல்ல குவளை. வேகவைக்காவிட்டால் பூச்சி துளைத்து மாவாகக் கொட்டும். வீட்டு மூங்கிலாக இருக்கட்டும். மலையில் போய் வெட்டி வருவது வனத்துறை விஷயம்.

குடித்த பிறகு

பந்தலில் ஒரு கடவம் (பெரிய ஓலைப்பெட்டி) வைத்துப் பட்டைகளை அதில் போடச் சொல்லுங்கள். கட்டுநாரும் ஓலைதான் என்பதால் எதையும் பிரிக்க வேண்டாம், அப்படியே தென்னை மூட்டில் போட்டு மண் தள்ளிவிடலாம். ஓலை காய்ந்து கிடந்தால் லேசில் மக்காது. ஓலைச்சுவடி நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது அதனால்தானே. வெட்டுகத்தியால் இரண்டு மூன்று துண்டாக நறுக்கி, ஈரம் நிற்கும் தடத்தில் போட்டு மூடினால் சீக்கிரம் மண்ணோடு சேரும். பாயசம் பட்ட இலையை ரோட்டோரம் விட்டுவிட்டு மக்கிவிடும் என்று போய்விடாதீர்கள், ஈ மொய்க்கும்.

ஓலைக்கு ஏற்பாடு செய்வதுதான் கடைசி வேலை, உண்மையில் முதல் வேலை. ரப்பர் வந்தபிறகு விளவங்கோடு, கல்குளம் பக்கம் பனை குறைந்துபோனது. செங்கல் சூளைக்கும் போனது. மாநில மரம் என்று பெயர் இருந்து என்ன, 2021 வேளாண் பட்ஜெட்டில்தான் ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை பக்கம் இன்னும் கொஞ்சம் நிற்கிறது. பனை ஏறுகிற அண்ணாச்சிகளும் குறைந்து வருகிறார்கள். தை மாதமே போய்ப் பேசிவிடுங்கள். சீசனுக்கு முன்னால் மரத்தைச் சுத்தம் செய்து மட்டை கழிக்கும்போது உங்களுக்கு வேண்டிய ஓலையையும் சேர்த்து இறக்கித் தருவார். ஒரு மரத்தில் இரண்டு ஓலைக்கு மேல் கேட்காதீர்கள். மரத்துக்காரருக்குத் தனியாகவும், ஏறி இறக்குகிறவருக்குத் தனியாகவும் கூலி கொடுத்துவிடுங்கள். அக்கானியையும் அவரிடமே வாங்கினால், காலையில் இறக்கியதை வடிகட்டிப் பந்தலுக்கே கொண்டுவந்து தருவார்.